அரங்கில் கருவி நின்றாலும் பேச்சு நிற்காதிருக்க

திருச்சியில் ஒரு கல்லூரி அரங்கத்தின் பின்பக்க அறையில் எனக்கு வேலை. ப்ரொஜெக்டர், மைக், விளக்கு, திரை எல்லாம் என் பொறுப்பு. பேராசிரியர்கள், மருத்துவர்கள், கல்வெட்டு ஆய்வாளர்கள், விவசாயிகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள், முதன்முறை மேடை ஏறும் மாணவர்கள் என்று பலரையும் அந்த அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்துவருகிறேன். மாதக்கணக்கில் உழைத்துத் திரட்டியதை, ஒரு வயர் பொருந்தாத காரணத்தால் அரைகுறையாகச் சொல்லிவிட்டு இறங்குகிறவரைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. நாற்பது நிமிடப் பேச்சில் தொடக்கத்திலேயே பத்து நிமிடம் வீணானால், வெட்டுப்படுவது கடைசிப் பத்து நிமிடம். அவர் சொல்ல வந்ததே பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பழுதே வராமல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. திரை போனால் என்ன செய்வது, ஒலி போனால் என்ன செய்வது, மின்சாரமே போனால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, அப்போதும் பேசுவதற்கு ஆயத்தமாக வர முடியும். கீழே எழுதியிருப்பது அந்த ஆயத்தத்தைப் பற்றித்தான்.

ஒரு வாரம் முன்பே ஒரு போன்

அழைத்தவர்களிடம் "அரங்கில் எல்லா வசதியும் இருக்கிறதா?" என்று கேட்டால், "எல்லாம் இருக்கிறது ஐயா, நீங்கள் வந்தால் போதும்" என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அரங்கத்தின் கருவிகளைக் கையாளும் ஆளின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. மேடைக்கு வரும் வயரின் தலை என்ன வகை? திரை அகலமானதா, சதுரத்துக்கு நெருக்கமானதா? லேப்டாப்பின் ஒலி அரங்க ஸ்பீக்கரில் வருமா? ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்குமா, ஆள் போய் இயக்க வேண்டுமா? சொந்த லேப்டாப்பை இணைக்கலாமா, அரங்கக் கணினியில்தான் போட வேண்டுமா? பெயர் சொல்லத் தெரியாவிட்டால் வயரின் தலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை. யாராவது இப்படிக் கேட்டால் எங்களுக்கும் சந்தோஷமாகவே இருக்கும்.

வயர்களைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். நீலத் தலையும் 15 ஊசிகளும் இரு பக்கமும் திருகாணியும் கொண்டது விஜிஏ. ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்தது. பழைய ப்ரொஜெக்டர் உள்ள அரங்குகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இது படத்தை மட்டும் கொண்டுபோகும், ஒலியைக் கொண்டுபோகாது. 2002 இறுதியில் வந்த எச்டிஎம்ஐ இரண்டையும் கொண்டுபோகும். புதிய லேப்டாப்களில் சின்ன நீள்வட்டத் துளையாக இருக்கும் யுஎஸ்பி-சி பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், எல்லாத் துளைகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. சில வெறும் சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே. உங்கள் லேப்டாப்பின் துளை எந்த வகை என்பதை வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு டிவியில் இணைத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வகை வயரை இன்னொரு வகையோடு இணைக்கும் மாற்றியை (அடாப்டர்) வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது ஒரு பொருள். விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறொரு பொருள். இரண்டும் ஒரே மாதிரித் தோற்றத்தில் கடையில் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். உங்கள் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, அரங்கில் விஜிஏ என்றால் முதல் வகைதான் வேண்டும். கடைக்காரரிடம் "லேப்டாப்பிலிருந்து பழைய ப்ரொஜெக்டருக்கு" என்று சொல்லி வாங்குங்கள்.

திரையின் வடிவமும் முக்கியம். பழைய ப்ரொஜெக்டர்களில் பல 1024-க்கு 768 புள்ளிகள் கொண்டவை; நாலுக்கு மூன்று என்ற விகிதம். இப்போதைய ஸ்லைடுகள் 16-க்கு 9. அகல ஸ்லைடைப் பழைய ப்ரொஜெக்டரில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்து சுருங்கிவிடும். தரை சமமாக உள்ள திருமண மண்டபம், பள்ளிக்கூடக் கூடம் போன்ற இடமானால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். முன்வரிசைத் தலைகள் திரையின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். ஸ்லைடின் கீழ்க் கால்பகுதியில் முக்கியமான எதையும் எழுதாதீர்கள்.

தமிழில் ஸ்லைடு செய்கிறவர்களுக்கு

ஆங்கில ஸ்லைடுகளுக்கு வராத ஒரு தொல்லை தமிழ் ஸ்லைடுகளுக்கு உண்டு. வீட்டில் அழகாகத் தெரிந்த பக்கம், அரங்கக் கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாக நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததன் விளைவு இது. அவற்றில் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்தை. எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் தருகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உருவம் கழன்றுபோய் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு, டேஸ் 16 என்ற இரு குறியீட்டு முறைகளையும் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-ல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய ஸ்லைடுகள் என்னிடம் வந்துகொண்டேயிருக்கின்றன. எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு மேற்கோள் குறி, எண்கள், ஸ்ரீ, ஔ ஆகியவற்றை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பிழை ஒளிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

யூனிகோடிலும் எல்லா எழுத்துருவும் எல்லாக் கணினியிலும் இருப்பதில்லை. விண்டோஸில் நீண்ட காலம் கூடவே வந்த லதா, விண்டோஸ் 10 முதல் கூடுதல் தொகுப்புக்குப் போய்விட்டது. தமிழைச் சேர்க்காத கணினியில் அது இருக்காது. நிர்மலா யுஐ விண்டோஸ் 8 தொடங்கி உடன் வருகிறது. விண்டோஸ் கணினியில்தான் காட்டப்போகிறீர்கள் என்றால் அதுவே பாதுகாப்பு. வேறு அழகான எழுத்துரு வேண்டுமென்றால் பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய், அந்தப் பக்கத்தின் அடியில் எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பதித்துவைக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதிப்பது, எல்லா எழுத்துகளையும் பதிப்பது என்று இரண்டு வழி காட்டும். அரங்கில் கடைசி நேரத்தில் ஒரு பெயரைத் திருத்த நேரிடலாம் என்பதால் இரண்டாவதையே நான் சொல்வேன். பதிக்க அனுமதிக்காத எழுத்துருக்களும் உண்டு. அதனால் இதை மட்டும் நம்பாமல் பிடிஎஃப் பிரதி ஒன்றையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அசைவும் வீடியோவும் அதில் இராது, ஆனால் எழுத்து இருந்தபடி இருக்கும்.

ஒருமுறை சங்கப் பாடல்களைப் பற்றிப் பேச வந்த அம்மையார் ஒருவரின் ஸ்லைடில் ஒகரக் கொம்புகள் எல்லாம் தனியே பிரிந்து, புள்ளிகளாலான வட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத பழைய மென்பொருள் அந்தக் கணினியில் இருந்தது. அவர் பதறவில்லை. பாடல் வரிகள் உள்ள பக்கங்களைப் படமாகவும் சேமித்துப் பென்டிரைவில் தனி உறையில் (ஃபோல்டரில்) வைத்திருந்தார். அதைத் திறந்து வரிசையாகக் காட்டிக்கொண்டே பேசி முடித்தார். செய்யுள், கல்வெட்டு வாசகம், கணிதச் சமன்பாடு போல எழுத்தே முக்கியமாக உள்ள பக்கங்களை நீங்களும் இப்படிப் படமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு, வீடியோ, இணையம்

ஒரே கோப்பு மூன்று இடத்தில் இருக்கட்டும்: லேப்டாப், பென்டிரைவ், உங்கள் மின்னஞ்சல். பென்டிரைவை அரங்கக் கணினியில் செருகியதும் கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்துவிட்டுப் பென்டிரைவைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பலர் பயன்படுத்தும் கணினிகளில் வைரஸ் இருந்து, உங்கள் கோப்புகளை மறைத்துவிட்டு அம்புக்குறி போட்ட குறுக்குவழிகளை மட்டும் விட்டுவைப்பது சாதாரணமாக நடக்கிறது. இரண்டாவது பென்டிரைவ் ஒன்றைப் பையிலேயே வைத்திருந்து, முதலாவது கெட்டால் மட்டும் வெளியே எடுங்கள்.

வீடியோவை எம்பி4 வடிவில், எச்.264 என்ற சுருக்கும் முறையில் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் ஓடும். ஐபோனில் எடுத்தவை எச்இவிசி என்ற வேறொரு சுருக்கும் முறையில் இருக்கக்கூடும். பல விண்டோஸ் கணினிகளில் அதற்கான கூடுதல் மென்பொருள் இல்லாமல் ஒலி மட்டும் வரும், படம் வராது. வீடியோ ஸ்லைடுக்குள் பதிந்திருக்கிறதா, வெறும் இணைப்பாக நிற்கிறதா என்றும் பாருங்கள். இணைப்பாக இருந்தால் ஸ்லைடு மட்டும் பென்டிரைவில் வரும், வீடியோ உங்கள் வீட்டில் தங்கிவிடும். ஸ்லைடும் வீடியோவும் ஒரே உறையில் இருந்து, வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

இணையத்தை நம்பி மேடை ஏறாதீர்கள். 2010 ஜூன் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் 4-ஐ அறிமுகம் செய்த ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கே ஒரு வலைப்பக்கம் மேடையில் திறக்கவில்லை. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன என்று சொல்லி, எல்லோரும் அணைத்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார். நம் அரங்குகளில் அத்தனை இருக்காது. ஆனால் முந்நூறு பேர் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தால் உங்கள் ஹாட்ஸ்பாட்டும் திணறும். யூடியூப் வீடியோவைக் காட்டுவதாக இருந்தால் உரிமையுள்ளவரிடம் கேட்டு முன்பே கோப்பாக வாங்குங்கள். மென்பொருளை இயக்கிக் காட்டப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு கட்டத்திலும் திரையைப் படமெடுத்து ஸ்லைடுகளாக வைத்துக்கொள்ளுங்கள். 1998 ஏப்ரலில் சிகாகோவில் விண்டோஸ் 98-ஐக் காட்டியபோது, ஸ்கேனரைச் செருகியதும் கணினி முடங்கி நீலத்திரை விழுந்தது. மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் மேடையில் நின்றிருந்தார். அந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் நாம் எச்சரிக்கையாக இருப்பதில் குறைவு ஒன்றுமில்லை.

ஒலி

திரையைவிட ஒலிதான் பெரிது என்பது என் உறுதியான எண்ணம். படம் இல்லாமல் ஒரு மணி நேரம் கேட்க மக்கள் தயார். காதில் விழாத பேச்சைப் பத்து நிமிடம்கூடப் பொறுக்கமாட்டார்கள்.

கையில் பிடிக்கும் மைக்கில் தலையை மூடிப் பிடிக்காதீர்கள்; ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். இரண்டும் அந்தக் காதைக் கிழிக்கும் ஊளையை வரவழைக்கும். சோதிக்கும்போது ஊதவும் தட்டவும் வேண்டாம். பேசப்போகும் அதே குரலில் நாலு வாக்கியம் பேசுங்கள்; அப்போதுதான் எங்களால் அளவு வைக்க முடியும். கம்பியில்லா மைக் என்றால் அன்று காலை போட்ட புது பேட்டரியா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. கம்பி உள்ள மைக் ஒன்று மேடை ஓரத்தில் எப்போதும் தயாராக நிற்கட்டும்.

காலர் மைக் பெண்களுக்கு ஒரு தனிச் சங்கடம் தருகிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதன் பெட்டியை இடுப்பு பெல்ட்டில் மாட்டும்படி செய்திருக்கிறார்கள்; சேலையில் பெல்ட்டுக்கு இடமேது? மைக்கைப் பட்டு முந்தானையில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரவென்று ஒலிக்கும். கழுத்துச் சங்கிலி அதில் பட்டால் அடிக்கடி டக்கென்ற சத்தம் வரும். அன்றைக்குப் பருத்திச் சேலையோ சுடிதாரோ வசதி. பெட்டியை வைக்க மெல்லிய இடுப்புப் பை ஒன்று கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் தயங்காமல் கை மைக் கேளுங்கள்.

லேப்டாப்பின் ஒலியை ஸ்பீக்கரில் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டை இரைச்சல் கேட்டால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த நொடியே நின்றுவிடும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு தரைக்கம்பி வழியே ஒலியில் கலப்பதால் வருவது அது. இதற்காகவே லேப்டாப் பேட்டரி முழுவதும் ஏறியிருக்க வேண்டும். வீடியோ ஓடியும் ஒலி வரவில்லையென்றால், ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்பதைத் திரையின் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறியில் பாருங்கள். எச்டிஎம்ஐ செருகியதும் ஒலி தானாகவே ப்ரொஜெக்டருக்குத் தாவியிருக்கும்.

ஒரு மணி நேரம் முன்னால்

கூட்டம் வரும் முன் அரங்கில் இருங்கள். வயரைச் செருகியபின் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் திரையைப் பகிரும் நாலு வழிகள் வரும். உங்கள் குறிப்புகள் உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டுமானால் நீட்டிப்பு முறை. குழப்பமே வேண்டாம் என்றால் இரண்டிலும் ஒன்றே தெரியும் முறை. பழகாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது. குறிப்புகளைத் தாளில் வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மூடுங்கள். அறிவிப்புகளை நிறுத்துங்கள். லேப்டாப் தூங்கிப்போகும் நேரத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றுங்கள். காத்திருக்கும் விண்டோஸ் புதுப்பிப்பை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். பிறகு எல்லா ஸ்லைடையும் ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு வீடியோவையும் ஒலியோடு போட்டு, கடைசி வரிசையில் போய் நின்று படியுங்கள். அங்கிருந்து படிக்க முடியாத எழுத்தை அப்போதே பெரிதாக்க நேரம் இருக்கும்.

விரல் பழக வேண்டிய சில விசைகள்: எஃப்5 தொடக்கத்திலிருந்து ஓட்டும்; ஷிஃப்டோடு எஃப்5 நிற்கும் ஸ்லைடிலிருந்து ஓட்டும்; பி திரையைக் கறுப்பாக்கும், மறுபடி அழுத்தினால் படம் திரும்பும்; ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் நேரே அங்கே போகும். இதற்காக எண்களோடு கூடிய ஸ்லைடு பட்டியல் ஒன்றைத் தாளில் அச்சிட்டு மேசையில் வையுங்கள். லேப்டாப் மறுபடி தொடங்கி வந்தபின் முதல் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறவரைப் பார்த்தால் அவையே சோர்ந்துபோகும்.

திரை இருண்டால்

மின்சாரம் நின்று, தானாக ஓடும் ஜெனரேட்டர் வர சில விநாடிகள்தான் ஆகும். ஆனால் விளக்கு வகை ப்ரொஜெக்டர் திடீரென்று அணைந்தால், சூடு தணிந்த பிறகுதான் மறுபடி எரியும்; ஓரிரு நிமிடம் ஆகிவிடும். அந்த இடைவெளியை நிரப்ப மூன்று நிமிடப் பேச்சு ஒன்றைத் தனியே ஆயத்தம் செய்து வாருங்கள்: உங்கள் ஆய்வில் நடந்த ஒரு சம்பவம், அவையைக் கேட்க ஒரு கேள்வி, எதுவானாலும் தலைப்போடு ஒட்டியிருக்கட்டும். 2007 ஜனவரியில் முதல் ஐபோனைக் காட்டிய மேடையில் ஜாப்ஸின் கையில் இருந்த ரிமோட் வேலை செய்யவில்லை. ஆப்பிளைத் தன்னோடு சேர்ந்து தொடங்கிய வாஸ்னியாக்கோடு இளமையில் செய்த குறும்பு ஒன்றை அவர் சொல்லத் தொடங்கினார். கதை முடிந்ததும் பேச்சைத் தொடர்ந்தார்.

அதற்கும் மேலே போய், திரையே வராது என்று வைத்துக்கொண்டு உங்கள் ஸ்லைடுகளைப் புரட்டுங்கள். வாயால் சொல்லிவிடக் கூடியவை எவை, பார்த்தே தீர வேண்டியவை எவை என்று பிரியுங்கள். இரண்டாவது வகை பெரும்பாலும் நாலைந்துக்கு மேல் தேறாது. அவற்றை மட்டும் பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துவாருங்கள். கறவை மாடு வளர்ப்பவர்களுக்குப் பேச வந்த கால்நடை மருத்துவர் ஒருவர், மடிநோயின் படங்களை ஏ3 தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். அன்று ப்ரொஜெக்டர் முழுவதுமாகக் கைவிட்டது. அவர் மேடையிலிருந்து இறங்கி நடுப்பாதையில் நடந்தபடியே ஒவ்வொரு தாளையும் வரிசை வரிசையாகக் கொடுத்தார். "கையில் வாங்கிப் பாருங்கள் அண்ணே, இந்தக் காம்பின் நுனியைக் கவனியுங்கள்" என்று அவர் சொல்லச் சொல்ல, பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். நேரம் முடிந்த பிறகும் கேள்விகள் ஓயவில்லை.

பழுது வந்த பிறகு நடந்துகொள்ளும் முறைக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நீங்கள் லேப்டாப்பின் மேல் குனியாதீர்கள். பேசுவது உங்கள் வேலை, சரிசெய்வது எங்கள் வேலை. "நான் தொடர்ந்து பேசுகிறேன், நீங்கள் பாருங்கள் தம்பி" என்று என்னைப் போன்ற ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவையைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். அதற்கு வசதியாகக் கடவுச்சொல் கேட்காதபடி லேப்டாப்பை வைத்திருங்கள். இரண்டு நிமிடத்தில் திரை வரவில்லையென்றால் அச்சுத் தாளுக்குப் போய்விடுங்கள். பாதி நேரம் கழித்துப் படம் வந்தாலும் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. மன்னிப்பு ஒருமுறை கேட்டால் போதும்.

பேச்சு முடிந்து சால்வை, புகைப்படம் என்று மேடை நிறைந்துவிடும். அதற்குள் ஓர் ஆளை நியமித்து உங்கள் பொருள்களை எடுக்கச் சொல்லுங்கள். அரங்கக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்திருந்தால் வெளியேறுங்கள், டெஸ்க்டாப்பில் போட்ட கோப்பை அழித்துவிடுங்கள். அரங்குகளில் விட்டுப்போகும் பொருள்களில் முதலிடம் வயர் மாற்றிக்கும் ரிமோட்டின் சின்ன யுஎஸ்பி துண்டுக்கும்தான். மாற்றியில் உங்கள் பெயரையும் எண்ணையும் ஒட்டிவையுங்கள். துண்டை ரிமோட்டின் பேட்டரி அறைக்குள் அதற்கென்று உள்ள இடத்தில் செருகிவிட்டுக் கிளம்புங்கள்.